கடைக்கு ஒரு ஆள்

சேலையூர் கேம்ப் ரோட்டில் இருக்கும் மாஹிரா பெயின்ட்ஸ் கடையை அந்தப் பக்கத்தில் எல்லோரும் நசீர் பாய் கடை என்றுதான் சொல்வார்கள். ஆனால் நசீருதீன் அந்தக் கடையில் உட்கார்ந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. மொட்டை மாடிகளில் தண்ணீர் ஒழுகாமல் பூசிக் கொடுக்கும் கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்தால் மேடவாக்கத்திலோ நாவலூரிலோ ஏதாவது ஒரு மாடியில் வெயிலில் நிற்பார். கடையைத் திறப்பதும் பூட்டுவதும், கம்பெனிக்கு ஆர்டர் போடுவதும், பெயின்டர்களின் சண்டையைத் தீர்த்து வைப்பதும் அவர் மனைவி நஃபீசா. பதினைந்து வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. டப்பா ஏற்றி இறக்க நாலு ஆட்கள் உண்டு.

நஃபீசா பல்லாவரத்துப் பெண். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கணக்கில் விழுந்தாள். மறுபடி எழுதி மறுபடியும் விழுந்தாள். மூன்றாவது தடவை எழுதுவதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கல்யாணமான சில வருஷத்தில் நசீருதீன் ஆணி, கயிறு, பிரஷ் விற்கும் சின்னக் கடை ஒன்றை ஆரம்பித்தார். பெண்கள் பேரில் கேட்டால் பாங்கில் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, கடையை மனைவி பேரில் பதிவு செய்தார். கையெழுத்து மட்டும் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் அன்றைக்குச் சொன்னார். ஆறு மாதத்தில் மற்றதையும் நஃபீசாவே பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

கடையில் நிறம் கலக்கும் மெஷின் வந்ததிலிருந்து அவளுடைய பெயர் தாம்பரம் வரை பரவியது. வெள்ளை டப்பாவை மெஷினுக்குக் கீழே வைத்து, கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினால் சாயம் சொட்டுச் சொட்டாக விழும். அது யாருக்கும் வரும். நம்பர் தெரியாத நிறத்தைக் கொண்டுவருபவர்களுக்குத்தான் நஃபீசா வேண்டும். இரும்புலியூரிலிருந்து ஒரு பெயின்டர் வந்து, சுவரிலிருந்து பெயர்த்த காரைத் துண்டை மேஜையில் வைப்பார். "இதே கலர் வேணுங்க்கா. ஊட்டுக்காரம்மா ஒரு சுவத்த மட்டும் அடிக்க சொல்லிகினு கீது" என்பார். நஃபீசா அந்தத் துண்டை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் ஒரு முறை, உள்ளே டியூப்லைட்டில் ஒரு முறை பார்ப்பாள். பிறகு கறுப்பில் எத்தனை புள்ளி, மஞ்சளில் எத்தனை புள்ளி என்று தானே நம்பர் சொல்வாள். புதுச் சுவர் காய்ந்த பிறகு பழைய சுவரோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பெயின்ட் கம்பெனிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு இத்தனை லிட்டர் விற்கும் கடைக்காரர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப்போவார்கள். கடைக்கு ஒரு ஆள். மாஹிரா பெயின்ட்ஸ் மூன்று தடவை அந்த அளவைத் தாண்டியது. மூன்று தடவையும் போய்வந்தது நசீருதீனின் தம்பி தௌசிப். அவருக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் செல்போன் உதிரி பாகக் கடை. பிரைமருக்கும் டிஸ்டெம்பருக்கும் வித்தியாசம் கேட்டால் தலையைச் சொறிவார். ஆனாலும் கொழும்புக்கு அவர்தான் போனார், துபாய்க்கு அவர்தான் போனார், போன வருஷம் பாலித் தீவுக்கும் அவர்தான் போனார். திரும்பி வரும்போது அண்ணன் வீட்டுக்கு ஒரு சாக்லேட் பெட்டி மறக்காமல் வாங்கிவருவார். நசீருதீனுக்கு வேலை விடாது, நஃபீசா போவதைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை, நஃபீசாவுக்கே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

பாலி பயணத்தில் கொடுத்த விருதைச் சட்டம் போட்டு தௌசிப்பே கடைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். அதில் 'சிறந்த டீலர் திரு. நஃபீசா அவர்களுக்கு' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. டீலர் என்றால் ஆணாகத்தான் இருக்கும் என்று கம்பெனி நினைத்துக்கொண்டது. போனவரும் திருத்தச் சொல்லவில்லை. கடைக்கு வந்த பெயின்டர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, யாருக்கா இந்த மிஸ்டரு என்று கேட்டார். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நஃபீசாவும் சிரித்தாள். அன்று சாயங்காலம் ஆள் இல்லாத நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றி, துரு எடுக்கும் உப்புத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் வைத்தாள். அடுத்த வருஷம் அளவைத் தாண்டினால் நான்தான் போவேன் என்று அந்த ஸ்டூலின் மேல் நின்றபோதே முடிவு செய்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் முப்பத்தெட்டு கடைகள் அளவைத் தாண்டின. போகும் ஊர் தாய்லாந்து. கம்பெனியின் விற்பனை அதிகாரி கேசவன் படிவத்தோடு கடைக்கு வந்தான். இருபத்தாறு வயதுப் பையன், யாரிடமும் முகம் சுளிக்காமல் பேசுவான். இந்தத் தடவையும் தௌசிப் அண்ணாதானே என்று கேட்டுக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினான்.

"இல்ல. நஃபீசானு எழுதுங்க" என்றாள்.

கேசவன் சிரித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"மேடம், இது பேங்காக், பட்டாயா."

"மெசேஜ்ல படிச்சேன்."

"முழுக்க ஜென்ட்ஸ்தான் வருவாங்க. சாயங்காலத்துக்கு மேல ப்ரோகிராம் எல்லாம் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும் மேடம்."

"அதுக்கு நான் வரல. பகல்ல ஊரைச் சுத்திப் பாக்குறேன். அந்த ஊர்ல பகல் உண்டுல்ல?"

கேசவன் பேனாவை மூடினான். பாஸ்போர்ட்டைக் கேட்டான். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் குடும்பத்தோடு மக்காவுக்கு உம்ரா போனபோது எடுத்த பாஸ்போர்ட். அவன் அதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தான். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கை நின்றது. முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நஃபீசா கவனித்தாள். மேடம், இது இ.சி.ஆர். பாஸ்போர்ட் ஆச்சே என்றான்.

சென்னைக்காரர்களுக்கு இ.சி.ஆர். என்றால் மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலைதான். பாஸ்போர்ட்டில் அது வேறு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் சில குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசாங்கத்திடம் முன் அனுமதி வாங்கவேண்டும் என்பதற்காகப் போடும் குறி அது. அந்த நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் இருக்கிறது. ட்ராவல்ஸில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று கேசவன் போனான். மறுநாள் ட்ராவல்ஸ்காரரே போனில் பேசினார். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலேயே இறக்கிவிட்டுவிடுவார்கள், அப்புறம் நாங்கள் பொறுப்பில்லை, வீட்டில் வேறு யாரையாவது அனுப்பிவிடுங்கள் என்றார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் பெயர் போகவேண்டும் என்றும் சொன்னார். அன்றைக்குத் திங்கட்கிழமை.

செய்தி தௌசிப்புக்கு எப்படியோ போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மாலை அவரே கடைக்கு வந்து டப்பாக்கள் அடுக்கிய பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. அண்ணி என்றால் மரியாதை உண்டு. மாஹிரா பிறந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவர். இப்போது அவருடைய பேச்செல்லாம் அண்ணிக்கு ஏர்போர்ட்டில் அவமானம் வந்துவிடக் கூடாதே என்பதாகவே இருந்தது. பெட்டியோடு திரும்பி வந்தால் தெருவில் என்ன சொல்வார்கள் என்றார். அண்ணிக்கு அவ்வளவு ஆசையாக இருந்தால் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் ஒரு வாரத்தில் ஏற்பாடு செய்துவிடுவார், அடுத்த வருஷத்துக்குள் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார். இந்த வருஷம் மட்டும் தானே போய்வருவதாகச் சொன்னார்.

"நான் ஃபெயில் ஆனது உண்மை தௌசிப். அதைப் பொய்யாக்கிட்டுப் போய்ப் பாக்குற அளவுக்கு எந்த ஊரும் கிடையாது" என்றாள் நஃபீசா. "ஃபெயில் ஆனவ போகக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு, அதை மட்டும் காட்டு."

தௌசிப் செல்போனை எடுத்து ஏதோ தேடினார். கிடைக்கவில்லை. எழுத்தில் இல்லாவிட்டாலும் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது அண்ணி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நஃபீசாவின் மகள் மாஹிரா கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளும் முதலில், எதுக்கும்மா இவ்வளவு பேஜார் என்றுதான் கேட்டாள். தாயின் முகத்தைப் பார்த்த பிறகு கேட்பதை நிறுத்தினாள். புதன்கிழமை கடை பூட்டும் நேரத்துக்கு முன்னால் இருவரும் நிறம் கலக்கும் மெஷினின் கம்ப்யூட்டரில் அரசாங்கத்தின் பக்கங்களைத் திறந்து உட்கார்ந்தார்கள். மாஹிரா ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்ல, நஃபீசா நிறங்கள் அச்சடித்த ஷேடு கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் வீசா கிடையாது. மாலத்தீவில் போய் இறங்கினால் கொடுக்கிறார்கள். இலங்கைக்கு முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி வாங்கவேண்டும். இவை எதுவும் இ.சி.ஆர். பட்டியலில் இல்லை. மலேசியா, தாய்லாந்து இரண்டுக்கும் சுற்றுலா போகிறவர்களுக்கு வீசா வேண்டாம், ஆனால் இரண்டுமே பட்டியலில் இருக்கின்றன.

பட்டியலில் இருந்தால் என்ன என்று அடுத்த பக்கத்தைத் தேடினார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அனுமதி வேண்டும், மற்ற காரணங்களுக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டும் வீசாவும் திரும்பி வரும் டிக்கெட்டும் காட்டினால் போதும் என்று இருந்தது. மாஹிரா அதைப் படித்துவிட்டுக் கை தட்டினாள். நஃபீசா தட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, வீசாவும் காட்டணும்னா போட்டிருக்கு என்று கேட்டாள். ஆமாம் என்றாள் மாஹிரா. தாய்லாந்து வீசா வேண்டாம் என்கிறது, இங்கே வீசாவைக் காட்டு என்கிறார்கள். உம்ராவுக்குப் போனபோது வீசாவில் எதற்குப் போகிறாள் என்பது அச்சடித்திருந்தது, ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்போது கையில் காட்ட ஒரு தாளும் கிடையாது. வேலைக்குப் போகவில்லை என்பதை வாயால்தான் சொல்லவேண்டும். தாய்லாந்தின் கதவு திறந்துதான் இருக்கிறது, கேள்வியெல்லாம் மீனம்பாக்கத்துக் கதவில் என்பது அவளுக்குப் புரிந்தது.

ட்ராவல்ஸ்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு வழி சொன்னார். வேண்டாவிட்டாலும் தனியாக ஒரு டூரிஸ்ட் வீசாவுக்கு மனு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கையில் ஒன்று இருக்கட்டும் என்றார். நஃபீசா யோசித்துப் பார்த்தாள். முப்பத்தேழு பேருக்குத் தேவைப்படாத சீட்டு தனக்கு மட்டும் எதற்கு என்று கேட்டாள். அவர் சலித்துக்கொண்டு போனை வைத்தார்.

அதே பக்கத்தில் இன்னொரு வரியை மாஹிரா மறுநாள் கண்டுபிடித்தாள். பத்தாம் வகுப்பு தேறாவிட்டாலும் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இந்தக் குறியே போடவேண்டியதில்லை. நஃபீசா பல வருஷமாக வரி கட்டுகிறாள், கடை அவள் பேரில்தானே இருக்கிறது. பிறகு எப்படி இந்தக் குறி வந்தது என்று பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தார்கள். பாஸ்போர்ட் படிவத்தின் நகல் கிடைத்தது. தொழில் என்ற இடத்தில் ஹவுஸ் வைஃப் என்று இருந்தது. நசீருதீன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். ப்ரவுசிங் சென்டர் பையன் மேடம் என்ன பண்றாங்க என்று கேட்டான், வாயில் அதுதான் வந்தது என்றார். "நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்தே நஃபீ?"

ஆமாம், உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக்கு நாற்பது டப்பா பிரைமர் ஆர்டர் அனுப்பிக்கொண்டிருந்ததால் அந்தக் கேள்வியைக் கவனிக்கவில்லை. அவள் அவரைத் திட்டவில்லை. அந்தத் தாளைத் திரும்ப ஃபைலில் வைத்துவிட்டு, பயணத்துக்கு இருக்கும் பதினேழு நாளில் பாஸ்போர்ட்டை மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை டிக்கெட் போட இதே நம்பர்தான் வேண்டும், புது பாஸ்போர்ட் வந்தால் நம்பர் மாறிவிடும் என்று தெரிந்தது. சரி, இதோடுதான் போகவேண்டும்.

கேசவன் வெள்ளிக்கிழமை ஒரு சமாதானத்தோடு வந்தான். பட்டியலில் நசீருதீன் சாரை டீலர் என்று போட்டுவிடலாம், மேடம் அவருடைய மனைவி என்று கூட வரலாம், கணவனோடு போகும் பெண்ணை ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள், ஒரு ஆளுக்கான செலவை மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்றான். நசீருதீனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அவரு வரணும்னா என் புருஷன்னு போட்டு வரட்டும்" என்றாள் நஃபீசா. "டீலர் இடத்துல என் பேரு."

அதோடு அந்த யோசனை போயிற்று. கேசவன் விடவில்லை. ரூமுக்கு இரண்டு பேர், வேறு லேடீஸ் யாருமே இல்லையே மேடம் என்றான். அடுத்த வருஷம் நேபாளம் போட்டாலும் போடுவார்கள், அப்போது இந்தப் பிரச்சனையே வராது என்றும் சொன்னான். அடுத்த வருஷம் நேபாளம் என்றால் நேபாளமும் போகிறேன், இந்த வருஷம் நான் ஜெயித்தது தாய்லாந்துதானே என்றாள். பிறகு அந்த முப்பத்தெட்டு கடைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். அதில் அவள் கடை போக இன்னும் பதினோரு கடைகள் பெண்கள் பேரில் இருந்தன. எல்லாம் அவள் கடையைப் போலத்தான், கடனுக்காகவோ வரிக்காகவோ மனைவி பேரில் எழுதியவை. பதினோரு பேருக்கும் போன் செய்தாள். ஆறு இடத்தில் வீட்டுக்காரர்களே எடுத்தார்கள். இரண்டு பெண்கள் அப்படி ஒரு பயணம் இருப்பதே தெரியாது என்றார்கள். மற்ற இருவர் குழந்தைகளைச் சொல்லித் தயங்கினார்கள். கடைசியாக மேடவாக்கத்தில் பெயின்டும் டைல்ஸும் விற்கும் ஜெரூஷா எடுத்தாள். முப்பது வயது இருக்கும். நானும் கேட்டேங்க்கா, வேற லேடீஸ் யாரும் வரலைன்னு கேசவன் சொல்லிட்டான், அதனால எங்கண்ணன் பேரக் குடுத்துட்டேன் என்றாள்.

"நான் வரேன்ல. உன் பேரை மாத்திக் குடு" என்றாள் நஃபீசா.

சனிக்கிழமை காலை ட்ராவல்ஸ்காரரிடமிருந்து ஒரு கடிதம் வாட்ஸாப்பில் வந்தது. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் பயணம் செய்வதால் வரும் எல்லா நஷ்டத்துக்கும் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போடச் சொன்னது. நஃபீசா கையெழுத்துப் போட்டாள். கூடவே ஒரு குரல் செய்தியும் அனுப்பினாள். நான் போகக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று நீங்களும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், ஆறு மணிக்குள் அது வந்தால் நான் வரவில்லை என்று அதில் சொல்லியிருந்தாள். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு கேசவன் அனுப்பிய பட்டியலில் முப்பத்தொன்றாவது வரியில் அவள் பெயர் இருந்தது.

அடுத்த இரண்டு வாரம் நசீருதீனுக்கு மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் போனது. அவர் முதல் நாள் கலந்த இளநீல டப்பா சாம்பல் நிறத்தில் வந்தது. நம்பர் தெரியாத நிறத்தை யார் கொண்டுவந்தாலும் அடுத்த வாரம் வரச் சொல்லிவிடுங்கள் என்று நஃபீசா அவரிடம் சொல்லிவைத்தாள். கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது தாய்லாந்தின் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பினார்கள். தொழில் என்ற கட்டம் வந்ததும் நஃபீசா மகளை நகரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தானே அடித்தாள்.

விமானம் காலை பத்தரைக்கு. நசீருதீன்தான் காரில் கொண்டுவந்து விட்டார். உள்ளே கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி மஞ்சள் டீ-ஷர்ட்டில் முப்பத்தாறு ஆண்கள் நின்றார்கள். நஃபீசா டீ-ஷர்ட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கறுப்பு புர்காவோடு வரிசையில் நின்றபோது பின்னால் இருந்த ஒருவர், பாய் வரலையாம்மா என்று கேட்டார். கடையில் இருக்கிறார் என்றாள்.

குடியேற்றப் பிரிவின் கவுன்டரில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். டீலர்களுக்கான கம்பெனிப் பயணம் என்றாள். வீட்டுக்காரர் டீலரா என்று கேட்டார். நான்தான் என்றாள். அவர் இன்னொரு முறை அவளைப் பார்த்துவிட்டு, ஓரமாக இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மேலதிகாரி வந்து பார்ப்பார் என்றார்.

மஞ்சள் டீ-ஷர்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. யாருடைய கடைசிப் பக்கத்தையும் யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. ஜெரூஷாவும் தாண்டிவிட்டாள், அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேசவன் நாற்காலி அருகே குனிந்து, குரூப்பை நான் விட முடியாது மேடம், ஒருவேளை அவர்கள் விடவில்லையென்றால் போன் பண்ணுங்கள், வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றான். அதில் கேலி இல்லை. நஃபீசா தலையாட்டினாள். அவன் போனான். இருபது நிமிஷம் ஆயிற்று. கைப்பை மடியில் கனத்தது. வாய் உலர்ந்திருந்தது, ஆனால் எழுந்து தண்ணீர் தேடிப் போனால் அதற்குள் அதிகாரி வந்துவிடுவார் என்று உட்கார்ந்தே இருந்தாள்.

போன் அதிர்ந்தது. நசீருதீன். கார் நிறுத்துமிடத்திலேயே நிற்கிறேன், அவசரப்படாதே, எதுவானாலும் கூட்டிக்கொண்டு போகத்தான் இருக்கிறேன் என்றார். அவர் குரலில் பரிவு இருந்தது. அந்தப் பரிவு அவளுக்கு அந்த நேரத்தில் தாங்கமுடியாததாக இருந்தது.

"மணி எட்டரை ஆச்சு" என்றாள். "இன்னும் எதுக்கு அங்க நிக்கிறீங்க? போய்க் கடையத் திறங்க. நான் வெள்ளிக்கிழமை வரேன்."

மேலதிகாரி ஒரு பெண். கண்ணாடி போட்ட, தலை நரைத்த அம்மாள். எதிரே உட்கார்ந்து பாஸ்போர்ட்டை மேஜையில் வைத்தார். நஃபீசா எழுதிவைத்த வரிசைப்படி தாள்களை எடுத்து வைத்தாள். திரும்பி வரும் டிக்கெட், ஹோட்டல் அறை எடுத்த ரசீது, அவள் பெயர் போட்ட கம்பெனிக் கடிதம், கடைப் பதிவு, மூன்று வருஷத்து வருமான வரித் தாள்கள். அம்மாள் ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தார். வீசா இல்லையே என்றார்.

"அந்த நாட்டுக்கு வேண்டாம் மேடம். எனக்கு முன்னாடி போன யார்கிட்டயும் கிடையாது."

"அவங்களுது வேற பாஸ்போர்ட்."

"விதி எனக்குத் தெரியும் மேடம். வேலைக்குப் போறவங்களுக்குத்தான் அனுமதி வேணும்."

"அங்க வேலை பாக்குற எண்ணம் இல்லைனு எனக்கு எப்படித் தெரியும்?"

நஃபீசாவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. இத்தனை நாள் கேசவனிடமும் தௌசிப்பிடமும் ட்ராவல்ஸ்காரரிடமும் காட்டாத கோபம். ஆனால் குரல் உயரவில்லை.

"என் கடையில நாலு பேர் வேலை பாக்குறாங்க மேடம். அவங்க சம்பளக் கணக்கு இந்த வரித் தாள்லயே இருக்கு. நான் எதுக்கு இன்னொரு ஊருக்குப் போய் வேலை தேடணும்? படிக்காதவ ஊர் பாக்கப் போகக் கூடாதுன்னு விதி இருந்தா சொல்லுங்க, பெட்டியத் தூக்கிட்டுப் போயிடறேன். இல்லைன்னா போகவிடுங்க."

அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு வரித் தாளை மறுபடி எடுத்து, இது இருக்கும்போது இந்தக் குறியை எப்போதோ எடுத்திருக்கலாமே என்றார். வந்த பிறகு எடுக்கிறேன், இப்போது இதோடுதான் போகிறேன் என்றாள் நஃபீசா. அம்மாள் தாள்களை அவள் பக்கம் தள்ளினார். கவுன்டரில் இருந்தவரைக் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டைக் கொடுத்துத் தலையசைத்தார். முத்திரை விழுந்த சத்தம் நஃபீசாவுக்கு நாற்காலி வரை கேட்டது.

தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி ஃபைலில் வைத்து, பையை மூடிய பிறகுதான் அவள் கவுன்டரைத் தாண்டினாள். ஜெரூஷா அங்கேயே, தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நஃபீசா பாதி பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தாள்.

"எல்லாரும் போய்ட்டாங்களா?"

"அப்பவே போய்ட்டாங்கக்கா. நீங்க வர மாட்டீங்கன்னு ரெண்டு பேரு பந்தயம் கட்டிகினு போனாங்க."

பாதுகாப்புச் சோதனையும் முடிந்து விமானம் ஏறும் வாசலை நோக்கி நடந்தபோது விமானக் கம்பெனிப் பெண் ஒருத்தி கையில் வாக்கி-டாக்கியோடு எதிரே வந்தாள். பேங்காக் போகிற நஃபீசா, ஜெரூஷா இருக்கீங்களா என்று இருபுறமும் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். ஜெரூஷா பதறிப்போய் கையை உயர்த்தப் பார்த்தாள். ஓடலாமா அக்கா என்றாள்.

நஃபீசா அவள் கையைப் பிடித்து இறக்கினாள். மணி பத்துகூட ஆகவில்லை. முன்னால், வாசலுக்குப் பக்கத்தில், மஞ்சள் டீ-ஷர்ட்டுகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்புவது தெரிந்தது.

"நடந்தே போவோம்" என்றாள். "இன்னொரு தடவை கூப்பிடட்டும்."